பழைய காருக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன்: போடலாமா, கூடாதா?

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் ஒரு வாக்குவாதம் நிச்சயம் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கிற பாயிண்ட்டையும் கண்டன்சரையும் எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் போடலாமா, கூடாதா என்பதுதான் அது. ஒரு கட்சிக்காரர்கள், "கம்பெனி எப்படிக் கொடுத்ததோ அப்படியே இருக்கணும், அதுதான் பழைய வண்டிக்கு மரியாதை" என்பார்கள். மறு கட்சிக்காரர்கள், "வழியில நிக்காம வீடு வந்து சேர்றதுதான் மரியாதை" என்பார்கள். இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருப்பதால் சண்டை ஓயாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடலாம். ஆனால் போடுகிறவர் இரண்டு காரியம் செய்தாக வேண்டும். பழைய வயர் ஒன்றைக்கூட வெட்டக் கூடாது. என்ன செய்தோம் என்பதை ஒரு தாளில் எழுதி வண்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்ய மனசில்லாதவர் பாயிண்ட்டோடு இருந்துவிடுவதே நல்லது.

விஷயம் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பெட்ரோல் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைக் கொளுத்த ஒரு பொறி வேண்டும். 12 வோல்ட் பேட்டரியால் நேரடியாகப் பொறி கிளப்ப முடியாது. அதனால் காயில் என்று ஒன்றை வைத்தார்கள். பேட்டரி மின்சாரம் காயிலின் முதல் சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் சட்டென்று துண்டித்தால், இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும். அது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி வழியாக எந்த சிலிண்டரின் முறையோ அந்த ஸ்பார்க் பிளக்குக்குப் போகும். "சட்டென்று துண்டிக்கிற" வேலையைத்தான் பாயிண்ட் செய்கிறது. இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள். நடுவில் சுழலும் கேம் அவற்றைத் திறந்து திறந்து மூடும். திறக்கிற இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பொட்டுகளுக்கு நடுவே தீப்பொறி பறந்து அவை கருகாமல் காப்பதும், துண்டிப்பு சுருக்காக நடக்க உதவுவதும் கண்டன்சரின் வேலை.

நாலு சிலிண்டர் வண்டியில் எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு பொறி வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் 6000 பொறி. அதாவது நொடிக்கு 100 தடவை அந்தச் சின்னப் பொட்டுகள் திறந்து மூடுகின்றன. ஒரு மணி நேரப் பயணத்தில் 3,60,000 தடவை. தேயாமல் என்ன செய்யும்? கேமின் மேல் உரசுகிற ஃபைபர் துண்டும் தேயும். அது தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்தங்கும், வண்டி இழுக்காது. அதனால்தான் ஃபீலர் கேஜும் உப்புத்தாளும் அந்தக் காலத்து டிரைவர்களின் பையில் எப்போதும் இருந்தன.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். 1909-இல் டேட்டன் என்ற ஊரில் அவரும் எட்வர்ட் டீட்ஸும் தொடங்கிய கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் டெல்கோ. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்கள் டிஸ்ட்ரிபியூட்டரையே "டெல்கோ" என்றுதான் பேச்சில் சொல்வார்கள். வனஸ்பதி எதுவானாலும் நாம் "டால்டா" என்று சொன்ன மாதிரி. பாயிண்ட்டுக்கு அவர்கள் பெயர் "வீஸ் பிளாத்தினே", பிளாட்டினம் பூசிய திருகு. பின்னாளில் டங்ஸ்டன் வந்த பிறகும் பெயரில் பிளாட்டினம் போகவில்லை. ஸ்பார்க் பிளக்குக்கு அவர்கள் பெயர் "பூஜி". அதே சொல்தான் மெழுகுவர்த்திக்கும். அல்ஜீரியாவில் பூஜி என்று ஒரு துறைமுகம், அங்கிருந்து மெழுகு வந்ததால் அந்த ஊர்ப் பெயர் மெழுகுவர்த்திக்கு ஆகி, பிறகு ஸ்பார்க் பிளக்குக்கும் ஆகிவிட்டது. பொருள் மாறினாலும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று பின்னால் வருகிறவன் தெரிந்துகொள்ளலாம். நான் சொல்ல வந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

1970-களில் அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாடு கடுமையானது. தேய்கிற பாயிண்ட்டை வைத்துக்கொண்டு புகையளவை ஒரே சீராக வைக்க முடியாது என்பதால் கம்பெனிகள் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறின. கிரைஸ்லர் 1973-இலேயே தன் கார்களில் அதை வழக்கமாக்கிவிட்டது. அதாவது இது ஏதோ நேற்று வந்த விளையாட்டுப் பொருள் இல்லை. ஐம்பது வருஷமாகச் சோதித்துத் தேறிய சங்கதி. பழைய வண்டிக்கு இப்போது கிடைக்கிற மாட்யூல் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளேயே அடங்கிவிடும். கேமின் மேல் காந்தம் பதித்த ஒரு வளையம், பக்கத்தில் அதை உணர்கிற ஒரு சில்லு. உரசல் இல்லை, தேய்மானம் இல்லை. வெளியே வருவது சிவப்பு, கறுப்பு என்று இரண்டே வயர்.

விற்கிறவர்கள் மைலேஜ் கூடும், பவர் கூடும் என்றெல்லாம் சொல்வார்கள். நம்ப வேண்டாம். ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்த பாயிண்ட் எவ்வளவு தருமோ கிட்டத்தட்ட அவ்வளவுதான் இதுவும் தரும். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒழுங்கு கலையாமல் அது அப்படியே நிற்கும். பாயிண்ட் வைக்கத் தெரிந்த கைகள் ஊரில் குறைந்துகொண்டே வரும் காலத்தில் அது சின்ன லாபம் இல்லை.

எதிர்க்கட்சியின் வாதத்திலும் உண்மை உண்டு. பாயிண்ட் சாகப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லும். ஸ்டார்ட்டிங் கஷ்டமாகும், மேட்டில் திணறும், படபடவென்று அடிக்கும். மாட்யூல் சொல்லாது. ஓடும், ஓடும், நின்றுவிடும். நின்றால் தேசிய நெடுஞ்சாலையில் உப்புத்தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இதற்கு என் பதில் சுலபம். கழற்றின பாயிண்ட்டையும் கண்டன்சரையும் தூக்கிப் போடாமல் டேஷ்போர்டு டப்பாவில் வையுங்கள். பழைய வயரை வெட்டாமல் இருந்தால், பாயிண்ட் வைக்கத் தெரிந்த ஒருவர் பழையபடி மாட்டி வண்டியைக் கிளப்பிவிடலாம். வெட்டியிருந்தால் முடியாது.

இனி எங்கள் வீட்டுக் கதை. என் தம்பியிடம் 1986 மாடல் பிரீமியர் பத்மினி இருந்தது. அவன் காலமான பிறகு வண்டி அவன் மகனிடம் வந்தது. தம்பி உயிரோடு இருந்த காலத்திலேயே யாரோ ஒரு மெக்கானிக் அதில் எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டிருந்தார். யார், எப்போது, எப்படி என்று யாருக்கும் தெரியாது. பையனுக்கு வந்த முதல் ஐப்பசியிலேயே தொல்லை ஆரம்பித்தது. வெயில் நாளில் வண்டி பட்டு மாதிரி ஓடும். மழை பிடித்தால் திக்கித் திக்கி நின்றுவிடும். மழை விட்டால் தானாகச் சரியாகும்.

மழையில் நிற்கிறது என்றால் யாரும் என்ன நினைப்பார்கள்? டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஈரம் போகிறது என்றுதான். ஒரு ஒர்க் ஷாப்பில் மூடியை மாற்றினார்கள், பிளக் வயர்களை மாற்றினார்கள். அடுத்த மழையில் நின்றது. இன்னொரு ஒர்க் ஷாப்பில், "மாட்யூல்தான் போச்சு" என்று புது மாட்யூலும் காயிலும் போட்டார்கள். அதற்கடுத்த மழையில் நின்றது. மூன்றாவதாகப் பார்த்தவர் பானெட்டைத் திறந்து, வயர் எல்லாம் ஒரே சிவப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டு மூடிவிட்டார். "இதுல கை வெச்சா எனக்குத்தான் கெட்ட பேரு" என்றாராம். பையன் என்னிடம் வந்து, "பெரியப்பா, இரும்புக் கடையில விலை கேட்டுட்டேன்" என்றான். அவன் கண்ணைப் பார்க்கவில்லை நான். அந்த வண்டியில்தான் அவன் அப்பா அவனைப் பள்ளிக்கூடத்தில் விட்டது.

கடைசியாக ஒரு வயசான மெக்கானிக்கிடம் போனோம். கடையை மகனிடம் விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, மழை பெஞ்சா நிக்குதா, வைப்பர் போட்டா நிக்குதா?"

பையன் விழித்தான். நல்ல வெயிலில் எஞ்சினை ஓடவிட்டு வைப்பரைப் போடச் சொன்னார். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று இழுத்தது. எஞ்சின் திக்கியது. மீட்டரை வைத்துப் பார்த்தார். பேட்டரியில் 12-க்கு மேல் காட்டிய முள், மாட்யூலின் சிவப்பு வயரில் 8-க்கு இறங்கியது. பிறகு ஒன்றரை நாள் உட்கார்ந்து அந்தச் சிவப்பு வயரை ஒவ்வொரு சாணாகத் தேடிக்கொண்டு போனார். டேஷ்போர்டுக்குப் பின்னால் வைப்பருக்குப் போகிற வயரிலிருந்து அதைக் கிளை எடுத்திருந்தார்கள். சால்டர் கிடையாது, வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தது. டேப்புக்குள் செம்பு பச்சை பூத்திருந்தது. வைப்பர் ஓடினால் அந்த ஒட்டில் வோல்ட் விழும், மாட்யூலுக்குப் போதாது. ஈரத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பழுதைச் சரிசெய்ய அவருக்கு ஆனது பத்து நிமிஷம். தேட ஆனது ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளும், வீணாக மாற்றிய மூடியும் மாட்யூலும் காயிலும், பையன் பட்ட அவமானமும், இரும்புக் கடைப் பேச்சும் எதற்காக? அன்றைக்கு அந்த வேலையைச் செய்தவர், "சிவப்பு வயர் வைப்பர் வயரிலிருந்து எடுத்தது" என்று ஒரு வரி எழுதி வைக்காததற்காக. மாட்யூலின் மேல் ஒரு குற்றமும் இல்லை. பழைய வண்டிகளில் "எலக்ட்ரானிக் போட்டதால கெட்டுது" என்று நாம் கேட்கிற கதைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும் என்பது என் எண்ணம். பழி மாட்யூலுக்கு, குற்றம் வயரிங்குக்கு.

ஆகவே சரியான வயரிங் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்டியில் கை வைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் வண்டியின் எர்த் எது என்று பார்க்க வேண்டும். பத்மினிக்கு நெகட்டிவ் எர்த். அந்தக் காலத்து ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். அதற்கென்று தனி மாட்யூல் வாங்க வேண்டும். மாற்றி இணைத்தால் ஒரு நொடியில் புகைந்துவிடும்.

அடுத்தது காயில். அதன் முதல் சுற்றின் தடையை மீட்டரில் அளக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது வண்டியில் சுமார் 14 வோல்ட் இருக்கும். காயில் 3 ஓம் என்றால் 5 ஆம்பியருக்குள் அடங்கும். 1.5 ஓம் காயிலை பல்லாஸ்ட் தடை இல்லாமல் போட்டால் 9 ஆம்பியரைத் தாண்டும். மாட்யூல் எந்தக் காயிலுக்குச் செய்யப்பட்டது என்று அதோடு வருகிற தாளில் இருக்கும், அதைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது, மின்சாரம் எங்கிருந்து எடுப்பது. இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். நாற்பது வருஷத்துப் பழைய இக்னிஷன் ஸ்விட்ச், நாற்பது வருஷத்துப் பழைய வயர். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியே இறங்கும். அதற்கு மேல் வழியிலும் வோல்ட் விழுந்தால் மாட்யூல் விழிக்கவே விழிக்காது. பாயிண்ட் அந்தக் குறைந்த வோல்ட்டிலும் எப்படியோ சமாளிக்கும், மாட்யூல் சமாளிக்காது. அதனால் ஒரு ரிலே போடுங்கள். ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும், ஜெர்மன்காரர்கள் வகுத்த எண்கள். 30-க்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகப் புது வயர். 87-லிருந்து காயிலின் பாசிட்டிவுக்கும் மாட்யூலின் சிவப்புக்கும். 85-க்கு எர்த். 86-க்கு, இதுவரை காயிலின் பாசிட்டிவில் இருந்த பழைய இக்னிஷன் வயரை அப்படியே கழற்றிக் கொண்டுவந்து மாட்டுங்கள். வெட்ட வேண்டாம். பழைய ஸ்விட்ச் இனிமேல் ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும், சுமை முழுவதும் புது வயருக்கு. இது பல்லாஸ்ட் இல்லாத வண்டிக்கு. பல்லாஸ்ட் இருந்தால் காயில் அதன் வழியாகவும் மாட்யூல் நேராகவும் எடுக்க வேண்டும். மாட்யூலின் கறுப்பு வயர் காயிலின் நெகட்டிவுக்கு. அங்கிருந்து பாயிண்ட்டுக்குப் போன பழைய வயரைச் சுருட்டி, முனையில் டேப் சுற்றி, ஒரு சீட்டு கட்டி ஓரமாக வைக்கவும்.

நான்காவது, எர்த். இரண்டு வயர் மாட்யூல் தன் எர்த்தை டிஸ்ட்ரிபியூட்டரின் உள்தட்டு வழியாக எடுக்கிறது. அந்தத் தட்டுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு மெல்லிய பின்னல் வயர் இருக்கும். அது அறுந்திருந்தால், அல்லது துரு பிடித்திருந்தால், மாட்யூல் இஷ்டத்துக்கு வேலை செய்யும்.

ஐந்தாவது, எஞ்சின் ஓடாதபோது சாவியைப் போட்டு வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கக் கூடாது. சில மாட்யூல்களும் காயில்களும் அதில் சூடாகிச் செத்துப் போகும்.

இனி "அசல்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு முறை வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், அசல் உருவில் பராமரித்திருக்க வேண்டும், சேசிஸ், உடல்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். நான் விதிகளைப் படித்தே காலம் தள்ளியவன். என் வாசிப்பில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் அடங்குகிற ஒரு சில்லு எஞ்சினில் பெரிய மாற்றம் ஆகாது. ஆனால் நாளைக்கு நாற்காலியில் உட்காருகிற அதிகாரி வேறு மாதிரி வாசிக்கலாம். தம்பி வண்டிக்கு 2036-இல்தான் 50 முடிகிறது. அப்போது அவர் எப்படி வாசித்தாலும், பழைய வயரும் பாயிண்ட்டும் பத்திரமாக இருந்தால் பழையபடி மாற்றிக் காட்டிவிடலாம். அசலுக்கு உண்மையான மரியாதை அதுதான். திரும்பிப் போக வழி இருக்கிறவரை அசல் அழியவில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கோப்பில் இடது பக்கம் குறிப்பு, வலது பக்கம் கடிதங்கள். பழைய தாளைக் கிழிக்கக் கூடாது. தவறானாலும் ஒரு கோடு போட்டு, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். சீட் மாறும்போது சார்ஜ் லிஸ்ட் எழுதிக் கொடுக்காமல் யாரும் எழுந்து போக முடியாது. இளம் வயதில் இதையெல்லாம் பார்த்து, "இந்த ஜென்மத்தில் வேலை நடக்காது" என்று சிரித்தவர்கள் உண்டு. இருபது வருஷம் கழித்து ஒரு விதவை பென்ஷன் கேட்டு வந்து நின்றபோது, அந்தக் கிழிக்காத தாள்தான் அவளுக்குச் சோறு போட்டது. ஒருவர் செய்த வேலையை அடுத்தவர் தொடர வேண்டும் என்றால், முதலாமவர் தடயம் விட்டுப் போக வேண்டும். கோப்புக்கும் சரி, வயருக்கும் சரி, இதில் வித்தியாசம் இல்லை.

நம் மெக்கானிக்குகள் கெட்டிக்காரர்கள், சந்தேகமே இல்லை. உதிரி கிடைக்காத வண்டியை ஓட்டிக் காட்டுகிறவர்கள். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் எல்லாம் அவரவர் மண்டைக்குள்ளேயே இருந்து, அவரவரோடு போய்விடுகிறது. 2023 அக்டோபரில் மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸி ஓய்வு பெற்றபோது எல்லோரும் வண்டிக்காக வருத்தப்பட்டார்கள். அந்த வண்டிகளை அறுபது வருஷம் ஓட வைத்தவர்களுக்குத் தெரிந்தது எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். ஒரு தாள் போதும். என்ன போட்டோம், என்ன தேதி, காயில் எத்தனை ஓம், எந்த நிற வயர் எங்கிருந்து எங்கே, ஃபியூஸ் எங்கே, கழற்றின சாமான் எங்கே, செய்தவர் யார். இந்த ஏழு வரி. பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். மெக்கானிக்குக்கு எழுத நேரமில்லை என்றால் பக்கத்தில் நின்று கேட்டு நீங்கள் எழுதுங்கள். அவர் முதலில் சிரிப்பார், பிறகு அவரே திருத்தம் சொல்வார்.

உங்கள் வண்டியில் ஏற்கெனவே யாரோ செய்த, யாருக்கும் தெரியாத வேலை இருக்கிறதா? மழைக்காலம் வருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வயரைத் தேடி எழுதிவிடுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த பானெட்டைத் திறக்கப் போகிறவர் உங்கள் பிள்ளையாகக்கூட இருக்கலாம்.